உயிரை எண்ணுவதா, ஓடுகளை அளப்பதா? வைகை முகத்துவாரச் சிப்பித் திட்டுக்கு ஏற்ற அளவுமுறை எது

வைகை கடலைச் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரின் கழிமுகத்துப் பக்கத்தில் சிறிதாக ஒரு சிப்பித் திட்டை, அதாவது ஓடுகளின் மேல் சிப்பிகள் ஒட்டி வளரும் மேட்டை, மறுபடி உருவாக்கிப் பார்க்கலாம் என்று மதுரையில் நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர்கள், அவர்களின் மாணவர்கள், அந்தக் கரையில் படகு வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர். அதற்காகக் கடலில் கொட்டவேண்டிய சிப்பி ஓடு எங்கே வாங்குவது, யாரிடம் அனுமதி கேட்பது, எந்த இடத்தில் கொட்டுவது என்ற பேச்செல்லாம் ஒரு பக்கம் நடக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்யவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கொட்டிய பிறகு எதை அளக்கப்போகிறோம், எப்படி அளக்கப்போகிறோம்? முதல் கூடை ஓடு தண்ணீரில் விழுவதற்கு முன்பே முதல் அளவு எடுத்தாக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒப்பிட எதுவுமே மிஞ்சாது.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும் சிப்பிகளை எண்ணுவது மட்டும் போதாது, ஓட்டை லிட்டர் கணக்கில் அளக்க வேண்டும். அதற்குக் கம்பிச் சட்டம்தான், அதாவது அடியில் வைத்து உள்ளே இருப்பதை அள்ளும் சதுரக் கம்பிச் சட்டகம்தான், முதல் கருவி. கேமராவும், ஒலி அனுப்பி அடித்தளத்தைப் பார்க்கும் எதிரொலிக் கருவியும் (சோனார்) அதற்குத் துணையாக வரலாம், அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மதுரைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கழிமுகத்தில் உப்பு கூடுவதும் குறைவதும் வைகையில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. 1959-ல் ஆண்டிப்பட்டிப் பக்கம் வைகை அணை வந்தது. அணைக்குக் கீழே கால்வாய்களும் கண்மாய்களும் எடுத்ததுபோக, மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டிக் கடலைப் பார்ப்பது நல்ல மழை பெய்த வருடங்களில்தான். இன்னொரு கடனும் நமக்கு இருக்கிறது. 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு மறக்காது. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பூச்சு அது. வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பும் சிப்பியைச் சுட்டு எடுத்ததுதான். நூற்றாண்டுக்கணக்கில் ஓட்டைக் கடலிலிருந்து எடுத்தே பழகிய நாம் கொஞ்சமாவது திருப்பிப் போட நினைப்பதில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஓடு ஏன் இவ்வளவு முக்கியம்? சிப்பியின் குஞ்சு இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் மிதந்து திரியும். அதற்குப் பிறகு கெட்டியான ஏதாவது ஒன்றில் ஒட்டியே ஆக வேண்டும். சேற்றில் விழுந்தால் மூச்சடைத்துச் செத்துவிடும். தாய்ச் சிப்பிகளின் ஓடு அதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த இடம். தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் உண்ணும் சிப்பி வளர்ப்பைத் தொடங்கியபோது, சுண்ணாம்பு பூசிய வீட்டுக் கூரை ஓடுகளைக் கடலில் வைத்தே குஞ்சுகளைப் பிடித்தார்கள். நைலான் கயிற்றில் கோத்த சிப்பி ஓடுகளிலும் பிடித்தார்கள். நம் கரையில் வளரும் உண்ணும் சிப்பிக்கு, அதாவது கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸுக்கு, அது போதுமானதாக இருந்தது. ஆக, ஓடுதான் வீடு. வீடு கரைந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் போக்கிடம் கிடையாது.

அந்த வீடு கரையவும் செய்கிறது. உப்புநீர் அரிக்கிறது. கிளியோனா என்ற துளைக்கும் கடற்பஞ்சு ஓட்டுக்குள் குடைந்து குடைந்து அதைப் பொடியாக்குகிறது. வண்டல் மூடுகிறது. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் நெடுங்காலப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டவர்கள், திட்டுகளில் கிடக்கும் ஓட்டில் பாதி மூன்றிலிருந்து பத்து வருடத்துக்குள் காணாமல் போகிறது என்று கண்டார்கள். அந்த எண்ணை அப்படியே பாக் நீரிணைக்குப் பொருத்தக் கூடாது. சூடு வேறு, உப்பு வேறு, துளைக்கும் உயிர்களும் வேறு. ஆனால் கணக்கின் வழி ஒன்றுதான். ஐந்து வருடத்தில் பாதி போகும் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்குச் சுமார் 13 சதவீதம் நஷ்டம். சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர் ஓடு கிடந்தால், அதைக் குறையாமல் வைத்திருக்கவே வருடத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் புது ஓடு சேர வேண்டும். புது ஓடு எங்கிருந்து வரும்? அங்கேயே வளர்ந்து அங்கேயே சாகும் சிப்பிகளிலிருந்துதான். வரவு செலவை விடக் குறைந்தால், மேலே எத்தனை சிப்பி உயிரோடு இருந்தாலும் திட்டு மெல்ல மெல்லச் சேற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உலகத்தில் இதை அளக்கும் வேலை அதிகம் நடந்திருப்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில், குறிப்பாக செசபீக் விரிகுடாவில். அங்கே 2011-ல் ஒரு பணிக்குழு வெற்றிக்கான அளவுகோலை எழுதி வைத்தது. திட்டின் பரப்பில் குறைந்தது 30 சதவீதத்தில், சதுர மீட்டருக்கு 15 சிப்பியும் 15 கிராம் உலர் சதை எடையும் குறைந்தபட்ச வரம்பு. 50 சிப்பியும் 50 கிராமும் இலக்கு. குறைந்தது இரண்டு வெவ்வேறு வயதுப் பிரிவுச் சிப்பிகள் இருக்க வேண்டும். ஓட்டின் இருப்பு குறையாமலோ கூடியோ இருக்க வேண்டும், திட்டின் பரப்பும் உயரமும் சுருங்கக் கூடாது. மூன்றாம் வருடமும் ஆறாம் வருடமும் போய்ப் பார்ப்பார்கள். பிறகு 2014-ல் வெளிவந்த ஒரு கண்காணிப்புக் கையேடு, எல்லாத் திட்டங்களும் கட்டாயம் அளக்கவேண்டியவை என்று நான்கைச் சொன்னது: பரப்பு, உயரம், சிப்பியின் அடர்த்தி, அளவு வாரியான எண்ணிக்கை. நல்ல பட்டியல்தான். ஆனால் ஓட்டின் கனஅளவு அந்த நான்கில் இல்லை. அது எனக்கு ஒப்பவில்லை. நம்மைப் போலக் கையிருப்பு குறைவாக உள்ளவர்கள் அந்தப் பட்டியலை மட்டும் பின்பற்றினால், விட்டுவிடக் கூடாத ஒன்றை முதலில் விட்டுவிடுவோம்.

ஒரு உதாரணம் பாருங்கள். இரண்டு திட்டுகள். இரண்டிலும் சதுர மீட்டருக்கு ஐம்பது சிப்பி உயிரோடு இருக்கிறது. ஒன்றில் சேற்றுக்கு மேலே சதுர மீட்டருக்கு 15 லிட்டர் நல்ல ஓடு கிடக்கிறது, மற்றதில் நாலு லிட்டர். எண்ணிக்கையை மட்டும் எழுதினால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். ஒரு வருடம் உப்பு ஏறிக் கூட்டமாகச் சிப்பி செத்தால், முதல் திட்டு அடுத்த பருவத்தில் குஞ்சு பிடித்து எழுந்துவிடும். இரண்டாவது எழாது.

கம்பிச் சட்டம்

கட்டிடக் கம்பியை வளைத்து, அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரமாக வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் செய்து தந்துவிடுவார்கள். உள்பரப்பு கால் சதுர மீட்டர். தண்ணீர் இடுப்பளவு இருக்கும்போது அதை அடியில் வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் கையால் அள்ளி வலைச் சாக்கில் போட வேண்டும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வெங்காயம் வந்திறங்கும் அந்தச் சாக்கே போதும். கெட்டியான சேறு தட்டும்வரை, ஒரு சாண் அளவுக்குத் தோண்டலாம். எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள் என்பதை எழுதிவைக்காவிட்டால் எல்லாம் வீண். பத்து சென்டிமீட்டர் தோண்டியவரும் இருபது தோண்டியவரும் ஒரே எண்ணைச் சொல்லமாட்டார்கள்.

சாக்கைத் தண்ணீரிலேயே அலசி, கரையில் தார்ப்பாயில் கொட்டினால் ஒரு உலகமே வெளியே வரும். சின்னச் சின்ன நண்டுகள், உளுவை மீன் குஞ்சு, புழுக்கூடுகள், ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு. அவற்றையெல்லாம் முதலில் வாளியில் எடுத்துத் திரும்பக் கடலில் விட வேண்டும். மிச்சத்தை நாலு குவியலாகப் பிரிக்க வேண்டும். உயிருள்ள சிப்பி ஒன்று. வாய் பிளந்து கிடந்தும் இரண்டு ஓடும் கீலோடு சேர்ந்தே இருப்பவை இரண்டாவது. இவை சமீபத்தில் செத்தவை, சாவு விகிதத்துக்கு இவைதான் சாட்சி. மூன்றாவது, தனித்தனியாகக் கிடக்கும் பழுப்பு ஓடு. நான்காவது, கருப்பு ஓடு.

பழுப்புக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த முறையின் உயிர்நாடி. சேற்றுக்கு மேலே, காற்றோட்டமுள்ள தண்ணீரில் கிடக்கும் ஓடு பழுப்பாகவோ சாம்பலாகவோ பாசி படிந்தோ இருக்கும். அதன் மேல் குஞ்சு ஒட்டும். சேற்றுக்குள் புதைந்ததில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு சல்ஃபைடு படிந்து கரி பூசியதுபோல் ஆகிவிடும், கையில் எடுத்தால் அழுகின முட்டை வாடை வரும். அது ஓடுதான், ஆனால் வீடு ஆகாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வருடாந்தரக் கணக்கெடுப்பில் இந்த இரண்டையும் தனித்தனியே லிட்டரில் எழுதுகிறார்கள். பழுப்பு குறைந்து கருப்பு கூடிக்கொண்டே போனால், திட்டு புதைகிறது என்று உயிர் எண்ணிக்கை காட்டிக்கொடுப்பதற்குச் சில வருடம் முன்பே தெரிந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை. காற்றுப் பட்டால் அந்தக் கருப்பு வெளுக்க ஆரம்பித்துவிடும். சாக்கை மதுரைக்கு எடுத்துவந்து அடுத்த வாரம் ஆய்வகத்தில் பிரிக்கலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அன்றைக்கே, அங்கேயே பிரித்தாக வேண்டும். பாதி புதைந்து நிமிர்ந்து நிற்கும் ஓட்டில் மேல்பாதி பழுப்பாகவும் கீழ்பாதி கருப்பாகவும் இருக்கும். அதற்கு முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். பாதிக்கு மேல் பழுப்பு என்றால் பழுப்புக் குவியல், இல்லாவிட்டால் கருப்பு. வேறு விதி வைத்தாலும் சரி, நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும்.

அப்புறம் கனஅளவு. லிட்டர் கோடு போட்ட வாளியில் ஓட்டைக் கொட்டிப் படிப்பது ஒரு வழி. ஓடுகளுக்கு நடுவே இருக்கும் காலி இடமும் இதில் சேர்ந்துவிடும். இன்னொரு வழி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் ஓட்டை இறக்கி, வழிந்த நீரை அளப்பது. இதில் ஓட்டின் உண்மையான கனஅளவு கிடைக்கும். இரண்டு எண்ணும் வெகுவாக வேறுபடும், ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். அது வேகமானது, வர்ஜீனியாக்காரர்களின் லிட்டர் கணக்குக்கும் நெருக்கமானது. நேரம் இருக்கும் இடத்தில் நாலு சட்டத்துக்கு ஒரு சட்டம் இரண்டு வழியிலும் அளந்து வைத்துக்கொள்ளலாம்.

கால் சதுர மீட்டர் என்பதால் கிடைத்ததை நாலால் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு. மழையை மில்லிமீட்டரில் சொல்லிப் பழகிய நமக்கு இது சுலபமாகவே புரியும்: ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம். ஆக, பத்து லிட்டர் ஓடு என்பது பரப்பி வைத்தால் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள விரிப்பு, அவ்வளவுதான். எவ்வளவு மெல்லிய பாதுகாப்பை நம்பித் திட்டு நிற்கிறது என்பது அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த முறைக்குக் குறை இல்லாமல் இல்லை. வேலை மெதுவாகத்தான் நடக்கும். நாலு பேர் நாள் முழுக்க நின்றாலும் சட்டங்களின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். அளப்பதற்காகவே திட்டைத் தோண்டுகிறோம் என்ற உறுத்தலும் உண்டு. அள்ளிய ஓட்டையும் உயிருள்ள சிப்பியையும் அதே இடத்தில் திரும்பப் போட்டுவிட வேண்டும், அடுத்த தடவை அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். புள்ளியியலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடு ஒரே சீராகக் கிடக்காது. சராசரி எட்டு லிட்டர், சட்டத்துக்குச் சட்டம் வரும் விலகல் (திட்ட விலகல்) ஆறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது சட்டம் போட்டால் சராசரியின் பிழை இரண்டு லிட்டர். அதை ஒரு லிட்டராகக் குறைக்க முப்பத்தாறு சட்டம் வேண்டும். பிழை பாதியாக உழைப்பு நாலு மடங்கு. இந்த இடத்தில்தான் கேமராவுக்கு வேலை வருகிறது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். சட்டத்தை எங்கே வைப்பது என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது. காலுக்கு ஓடு தட்டுப்படும் இடத்தில்தான் கை தானாகச் சட்டத்தை வைக்கும். மதுரையிலேயே உட்கார்ந்து சீட்டுக் குலுக்கி, ஜிபிஎஸ் புள்ளிகளைக் குறித்துக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும். வெறும் சேறு வந்தால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். கையுறையும் கெட்டிச் செருப்பும் இல்லாமல் ஒருவரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. சிப்பி விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விப்ரியோ கிருமி இருக்கும், காயத்துக்குள் போனால் அது விளையாட்டல்ல.

கேமரா

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கோப்ரோ மாதிரிச் சின்னக் கேமராவைச் சட்டகத்தில் மாட்டி அடியில் இறக்கி, கிடைத்த படத்துக்குத் திட்டின் தரம் பார்த்து மதிப்பெண் போடும் வேகமான முறையைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புள்ளிக்கு ஓரிரு நிமிடம் போதும். எதையும் தோண்ட வேண்டாம். ஒரே காலையில் ஏகப்பட்ட இடங்களைப் பார்த்துவிடலாம். படம் நிரந்தரமாக இருக்கும், நாளைக்கு வேறொருவர் திரும்பப் பார்த்து மதிப்பெண் சரிதானா என்று சோதிக்கலாம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடமும் இல்லை.

நம் கரையில் இரண்டு தடை. தண்ணீர் கலங்கல் முதல் தடை. அங்கே படகு ஓட்டும் அண்ணனிடம் கேட்டபோது நேராகவே சொன்னார்: "சார், வாடை அடிச்சா உங்க கையே உங்களுக்குத் தெரியாது. பங்குனி சித்திரையில வாங்க, அடி பளிச்சுன்னு தெரியும்." வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் நீரிணை கொந்தளிக்கும், தென்மேற்கில் மன்னார் வளைகுடா. அதனால் கேமரா வேலை செய்யும் மாதங்கள் வருடத்தில் கொஞ்சம்தான், அதற்கேற்ப நாள் குறிக்க வேண்டும். இரண்டாவது தடை ஆழமானது: கேமராவுக்கு மேல்தோல்தான் தெரியும். கீழே கருப்பு எவ்வளவு, விரிப்பின் கனம் எவ்வளவு என்று அது சொல்லாது. வண்டல் படிந்த உயிருள்ள சிப்பியையும் வண்டல் படிந்த வெறும் ஓட்டையும் படத்தில் பிரிப்பது கஷ்டம். மதிப்பெண்ணும் ஆளுக்கு ஆள் நகரும். இந்த வருடம் போட்ட மாணவி அடுத்த வருடம் படிப்பை முடித்துப் போய்விடுவாள், புதிதாக வருபவன் கொஞ்சம் தாராளமாகப் போடுவான். லிட்டர் வாளிக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

ஆனாலும் கேமராவை ஒதுக்க மாட்டேன். ஒவ்வொரு சட்டத்தையும் தோண்டுவதற்கு முன் அதே இடத்தைப் படம் பிடித்துவிட்டால், எந்த மதிப்பெண்ணுக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்ற தொடர்பு கிடைக்கும். அப்புறம் தோண்டாத இடங்களின் படங்களுக்கும் தோராயமாக லிட்டர் சொல்ல முடியும். முப்பத்தாறு சட்டம் போட முடியாத குறையை ஓரளவு இப்படி ஈடுகட்டலாம். தொடர்பு பிசகாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எதிரொலிக் கருவி, கவ்வி, சங்கிலி, டிரோன்

செசபீக்கில் ஹாரிஸ் கிரீக் என்ற கிளையாற்றில் மட்டும் சுமார் 350 ஏக்கர் சீரமைத்தார்கள். அந்த அளவில் வேலை செய்பவர்கள் முதலில் சோனார் ஓட்டி அடித்தளத்தை வரைபடமாக்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். கெட்டியான அடி எதிரொலியைப் பலமாகத் திருப்பும், சேறு உறிஞ்சிவிடும். எங்கே ஓடு நிற்கும், எங்கே அமிழும் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் உயிருள்ளதா செத்ததா என்று அது பிரிக்காது. ஓடா சரளையா என்பதில்கூடத் தடுமாறும். நாம் போகும் இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான், கருவியைக் கட்டிய படகு அடிதட்டும். மீன் பார்க்க எக்கோ சவுண்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு நாள் கேட்டு வாங்கி, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் விளிம்புகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் செலவழிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஹைட்ராலிக் விசையில் இயங்கி ஒரே கவ்வில் சுமார் ஒரு சதுர மீட்டரை அள்ளும் பெரிய கவ்வியை வர்ஜீனியாவில் பயன்படுத்துகிறார்கள். ஆழமான இடங்களில் கையால் தோண்ட முடியாது என்பதால் அங்கே அது சரி. நமக்குப் பாரந்தூக்கியும் பெரிய படகும் வேண்டியிருக்கும், தேவையே இல்லை. இழுவைக் கூண்டு இன்னும் மோசம். அது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும், திட்டையும் சிதைக்கும்.

தென் கரோலினா, ஜார்ஜியா பக்கம் திட்டுகள் தாழ்நீரில் மணிக்கணக்கில் வெளியே தெரியும். அங்கே டிரோன் பறக்கவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று படியும் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்து, மேடுபள்ளத்தைச் சென்டிமீட்டர் அளவில் எடுக்கிறார்கள். பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. திட்டு முழுசாக வெளியே வரும் நேரம் சொற்பம், கலங்கிய தண்ணீருக்குள் டிரோனுக்குக் கண் தெரியாது. கடலோரத்தில் டிரோன் பறக்கவிட அனுமதி வாங்குவது தனி வேலை. இதை விட்டுவிடலாம்.

சங்கிலி முறை சுவாரசியமானது. மேடுபள்ளத்தை ஒட்டி ஐந்து மீட்டர் சங்கிலியைப் படியவிட்டு, நேர்க்கோட்டில் அது எத்தனை மீட்டர் வந்தது என்று பார்ப்பார்கள். நாலு மீட்டர் வந்தால் விகிதம் 1.25. சொரசொரப்பு கூடக் கூட மீன்குஞ்சுகளுக்கு ஒளியும் இடம் கூடும் என்பது இதன் பின்னால் இருக்கும் எண்ணம். கண்ணி சின்னதாக இருந்தால் விகிதம் ஏறும், பெரிதாக இருந்தால் இறங்கும், அதனால் கடைசிவரை ஒரே சங்கிலியைத்தான் வைத்திருக்க வேண்டும். ஓடு இல்லாத கல்மேட்டிலும் இதே விகிதம் வரும் என்பதால் இதை முதன்மை அளவாக நான் ஏற்க மாட்டேன். நேரம் மிஞ்சினால் செய்யலாம்.

உயரத்தை விடக் கூடாது

உயரத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. வர்ஜீனியாவின் கிரேட் விக்கோமிகோ ஆற்றில் 2004-ல் கட்டிய திட்டுகளை ஆராய்ந்து, 2009-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். உயரமாகக் கட்டிய திட்டுகளில் தாழ்வானவற்றைவிடச் சுமார் நான்கு மடங்கு அடர்த்தியாகச் சிப்பி இருந்தது. உயரத்தில் நீரோட்டம் வேகமாக ஓடும், வண்டல் தங்காது, தீனியும் ஆக்சிஜனும் கிடைக்கும். அதனால் நம்மிடம் இருக்கும் ஓடு கொஞ்சமென்றாலும் பரவலாகத் தூவுவதைவிடக் குவித்துப் போடுவதே மேல்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சென்டிமீட்டர் கோடு போட்ட கழி ஒன்று போதும். திட்டின் மேல் தண்ணீர் ஆழம், உடனே பக்கத்துச் சேற்றின் மேல் தண்ணீர் ஆழம். இரண்டின் வித்தியாசம்தான் உயரம். அடுத்தடுத்து எடுப்பதால் ஏற்றவற்றம் கணக்கைக் கெடுக்காது. கழியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு அடித்துவிட்டால் சேற்றுக்குள் இறங்காது. விளிம்பைச் சுற்றி ஜிபிஎஸ்ஸோடு நடந்தால் பரப்பும் கிடைத்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுக்கிறோம்

என் பரிந்துரை இப்படி. வருடத்துக்கு ஒரு முறை, பங்குனி சித்திரையில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது, கம்பிச் சட்டம். அதோடு கழியும் ஜிபிஎஸ்ஸும். சட்டத்துக்குச் சட்டம் கேமராப் படம், தோண்டாத இடங்களில் இன்னும் கொஞ்சம் படம். வாடைக்காற்று ஓய்ந்ததும் தை மாசியில் ஒருமுறை போய்க் கழியை மட்டும் வைத்து, புயலும் வண்டலும் எவ்வளவு தின்றது என்று பார்த்துவிட வேண்டும். எதிரொலிக் கருவி தொடக்கத்தில் ஒரே முறை. தண்ணீரின் உப்பு, வெப்பம், கரைந்த ஆக்சிஜன் ஆகிய மூன்றையும் போகிற ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் சிப்பி செத்ததற்குக் காரணம் தேடும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பணம் இன்னும் குறைந்தால்? கேமராவை விடுவேன். ஆள் குறைந்தால்? சட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பேன், ஆனால் பழுப்பு, கருப்பு பிரிப்பதை விடமாட்டேன். ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால் உயிருள்ள சிப்பிகளின் நீளத்தை ஒவ்வொன்றாக அளப்பதைவிட்டு, கைக்குக் கிடைத்த முதல் ஐம்பதை மட்டும் அளந்துவிட்டு லிட்டர் கணக்குக்குப் போவேன். எங்கள் குழுவில் இதற்கு மாறான கருத்து உள்ள ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நிதி கொடுப்பவர்கள் கேட்பது உயிர் எண்ணிக்கையைத்தான், அதைக் குறைத்தால் அடுத்த தவணை வராது என்பது அவர் வாதம். அது நியாயமான கவலை. அதனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன்: சதுர மீட்டருக்கு எத்தனை சிப்பி, எத்தனை லிட்டர் பழுப்பு ஓடு.

ஒப்பிட இரண்டு இடங்களும் வேண்டும். பக்கத்தில் ஓடு கொட்டாத சேற்றுப் பரப்பு ஒன்று, இயற்கையாகவே சிப்பி ஒட்டி வளர்ந்த இடம் ஒன்று. மூன்றிலும் ஒரே சட்டம், ஒரே வாளி, ஒரே நாள். இயற்கைத் திட்டில் எத்தனை லிட்டர் இருக்கிறதோ அதுதான் நம் இலக்காக இருக்க வேண்டும். செசபீக்கின் ஐம்பது சிப்பி என்ற எண் அங்குள்ள கிராசோஸ்ட்ரியா வர்ஜினிகாவுக்கு அங்குள்ள தண்ணீரில் எழுதியது. அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துப் பேசலாம், தீர்ப்பாக வைக்க முடியாது.

இடத்தைப் பொறுத்தவரை இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் பக்கம் நாம் போகவே வேண்டாம். வெளியே என்றாலும் வனத்துறை, மீன்வளத்துறை இரண்டு பேரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு ஓடும் விழக் கூடாது. அடுத்தது கரைவலை இழுக்கும் மீனவர்களின் பாடுகள், அதாவது அவர்கள் வலை போடும் இடங்கள். ஓட்டுக் குவியலில் வலை மாட்டினால் கிழிந்துபோகும், அந்த நஷ்டம் அன்றாடம் பிழைப்பவர்கள் தலையில் விழும். இடத்தை அவர்கள் காட்டித்தான் நாம் குறிக்க வேண்டும், நாலு மூலையிலும் உயரக் கழி நட்டுத் துணி கட்ட வேண்டும்.

பதிவேட்டில் தேதி, புள்ளி எண், தோண்டிய ஆழம், நாலு குவியலின் லிட்டர், உயிர் எண்ணிக்கை ஆகிய பத்திகளோடு, பிரித்தவர் பெயர் என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். ஐந்தில் ஒரு சட்டத்தை ஒருவர் பிரித்த பிறகு, எண்ணைப் பார்க்காமல் இன்னொருவர் திரும்பப் பிரிக்க வேண்டும். இருவருக்கும் லிட்டரில் எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ, அதைவிடச் சின்ன மாற்றத்தைத் திட்டில் கண்டோம் என்று நாம் எழுதக் கூடாது. வருகிற பங்குனியில் முதல் அளவு. அப்போது அங்கே வெறும் சேறுதான் இருக்கும், பெரும்பாலான சட்டங்களில் பூஜ்யம்தான் வரும். ஒன்றுவிடாமல் எழுதிவிட்டுத்தான் ஓட்டு லாரிக்குச் சொல்லப்போகிறோம்.